ஜப்பான் முத்திரையும் மர்சலின் டீச்சரும்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவன். ராயப்பேட்டையில் கட்டை வண்டி இழுத்தேன், தச்சுப் பட்டறையில் இழைப்புளி பிடித்தேன், முப்பத்தைந்து வயதில் கண்ணாடிக் கதவு போட்ட வாத்தியக் கடை வைத்தேன். அப்துல் கஃபார் கடை என்றால் மயிலாப்பூர் பாட்டு வாத்தியார்களுக்கும் தெரியும், சாந்தோம் கோயிலில் பாடுகிறவர்களுக்கும் தெரியும். யாரும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இங்கிலீஷ் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்தால் எந்த ஊர்ச் சரக்கு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதுவரை தப்பினதில்லை.

இப்போது கால் வீங்கிப்போய் நாற்காலியோடு கிடக்கிறேன். பழைய வாடிக்கைக்காரர்களை நினைத்துப் பார்த்தால் பெரிய மனிதர்கள் முகம் ஒன்றும் வருவதில்லை. சாந்தோமிலிருந்து வெயிலில் நடந்தே வந்த மர்சலின் டீச்சர்தான் வருகிறார்.

நாற்பத்தாறாம் வருஷம், மே மாதக் கடைசி. சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சாமான்களைக் கிண்டிப் பக்கம் ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் சைக்கிளுக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டபோது நான் மூன்று யுகுலேலே எடுத்தேன். கிட்டாரின் குட்டி மாதிரி இருக்கும், நாலே தந்தி, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்கலாம். ஒன்று ஹொனலூலுவில் செய்தது, அந்தத் தீவு மரம் தேன் நிறத்தில் இருந்தது. இன்னொன்று லண்டன், முகத்தில் தோல் கட்டியது. மூன்றாவது ஜப்பான். நாலாவதாகக் கல்கத்தாவில் செய்த ஒன்று ஏற்கெனவே கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் ஜப்பான் சாமான் என்றால் யாரும் தொடமாட்டார்கள். பொம்மை, டார்ச் லைட், பீங்கான் கோப்பை எல்லாவற்றிலும் ஊர்ப் பேரைச் சுரண்டிவிட்டு விற்பதுதான் அப்போது கடைக்காரர்கள் வழக்கம். யுகுலேலேவுக்கு ஜப்பான் முத்திரை வயிற்றுக்குள் சுட்டிருந்தது, கத்தி போகாது. அதனால் துளை வழியாக என் கடைச் சீட்டைப் பசை தடவி அதன்மேல் ஒட்டினேன். குறட்டில் பிடித்து, கோணாமல் ஒட்டினேன். அவ்வளவு சுத்தமாக இந்தத் தெருவில் வேறு எவனும் ஒட்டியிருக்க முடியாது.

டீச்சர் வந்தபோது கூடையோடு மீன்காரி கெங்கம்மாவும் வந்தாள். இருவரும் சாந்தோம் பக்கத்துக்காரர்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். முன்பு வேலை பார்த்த பள்ளி, ஜப்பான் பயத்தில் ஊரைக் காலி பண்ணச் சொன்ன வருஷத்தில் மூடியது மூடியதுதான். அதிலிருந்து வீடு வீடாகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறார். இப்போது கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் சின்னப் பள்ளி நடத்துகிற அம்மாள் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைகளோடு முற்றத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், வாத்தியம் சொந்தமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வாத்தியம் இல்லாமல் போனால் அந்த இடத்துக்கு அக்கார்டியன் வைத்திருக்கும் இன்னொரு பெண் தயாராக இருக்கிறாளாம்.

யுகுலேலே வாசிக்க யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். புருஷன் ஹென்றி என்றார். 

முதலில் ஹொனலூலுவை எடுத்து மடியில் வைத்தார். விலையைச் சொன்னேன். மெதுவாகத் திரும்ப மாட்டினார். லண்டனை நானே வேண்டாம் என்றேன். கடல் காற்றில் தோல் தளர்ந்து சட்டி மாதிரி ஒலிக்கும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன், அதுதான் என் வியாபாரம். கல்கத்தாவை வாசித்தார். கழுத்தில் விரல் வைக்கிற மெட்டுகளைக் கண்ணளவில் பதித்திருந்தார்கள், மூன்றாவது மெட்டுக்கு மேலே சுருதி சேரவே இல்லை. கடைசியில் என் சீட்டு ஒட்டியதை எடுத்தார். நாலு தந்தியையும் ஒரு தடவை வருடினார். மணி அடித்தது மாதிரி, அப்படி ஒரு சத்தம் அதற்கு.

“இது எங்க செஞ்சது, பாய்?”

“நம்ம கடைச் சரக்கு, டீச்சரம்மா. சீட்டு உள்ள கீது பாருங்க.”

நான் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. அவருக்குக் கட்டுப்படியாகிற விலைதான். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்ப வந்தார். நடையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. யுகுலேலேயை மேஜைமேல் வைத்து, மடித்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். என் சீட்டில் பாதி. சாந்தோம் உப்புக் காற்றில் பசை விட்டு, ஜப்பான் முத்திரை தெரிந்துபோயிருக்கிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்க மறந்தேன், என் முப்பது வருஷ வேலையில் அது ஒன்றுதான் பிசகு.

டீச்சர் கத்துவார் என்று நினைத்தேன். கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. கல்கத்தா யுகுலேலேயைக் காட்டி, மாற்றிக் கொடுங்கள் என்றார்.

“அது சுருதில நிக்காது, நீங்களே பாத்தீங்க.”

“பரவாயில்ல.”

“திங்கக்கெழம அந்தம்மா முன்னால வாசிக்கப் போறீங்க.”

“தெரியும், பாய்.” நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். “எங்க வீட்டுக்காரரு பினாங்குல ரப்பர் எஸ்டேட்டுல கிளார்க்கா இருந்தாரு. ஜப்பான்காரன் வந்ததும் சயாம்ல ரயில் ரோடு போட இழுத்துக்கிட்டுப் போயிட்டான். நாலு வருஷம் கடுதாசி வரும் வரும்னு இருந்தேன். ஜனவரியில அங்கேருந்து தப்பி வந்த ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. கால்ல புண்ணு, மருந்து இல்ல, மழையில போட்டுட்டாங்கன்னு சொன்னாரு. இத மடியில வெச்சு நான் எப்படிப் பாடுவேன்?”

  எழுந்து கல்கத்தாவை எடுத்தேன். நான் தச்சன், மெட்டை மாற்றிப் பதித்துவிடலாம் என்று பார்த்தால் கழுத்தே வளைந்திருந்தது. முழுக் கழுத்தையும் மாற்ற வேண்டும், மரம் உலர வேண்டும், பத்து நாள் ஆகும். அதை அப்படியே சொன்னேன். ஹொனலூலுவைத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். தவணை என்று எதையும் வீட்டுக்குள் விடுவதில்லையாம்.

அன்றைக்கும் கூட வந்த கெங்கம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எங்கிட்ட மீனு வாங்கறவங்க எந்தக் கடலுன்னா கேக்கறாங்க? நாறுதா இல்லியான்னுதான் கேக்கறாங்க.”

“உன் புருஷன அந்தக் கடல் கொண்டுபோயிருந்தா?”

“கொண்டுதான் போச்சு,” என்றாள் கெங்கம்மா. “மறு மாசம் அதே கடலு மீனத்தான் வித்தேன். புள்ளைங்க துன்னணுமே. என் ஊட்ல மட்டும் ஒரு வருசம் மீனு ஆக்கல.”

  டீச்சர் கல்கத்தாவை இன்னொரு தடவை எடுத்து, இரண்டு விரல் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார். குழந்தைகள் முன்னால் சுருதி தப்பி வாசிக்க அவரால் முடியாது. அது அவர் காதுக்கு இருந்த கௌரவம், எனக்கு என் தொழிலில் இருப்பது மாதிரி.

“பாய், சீட்டுல பாதி இன்னும் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. அத முழுசா எடுத்துடுங்க.”

“வேற நல்ல சீட்டு ஒட்டித் தர்றேன், டீச்சரம்மா. இந்தத் தபா உரியாது.”

“ஒட்ட வேண்டாம். எந்த ஊருதுன்னு தெரிஞ்சே வாசிக்கிறேன்.”

ஈரத் துணியைக் குறட்டில் சுற்றி அரை மணி நேரம் துடைத்தேன். முத்திரை பளிச்சென்று வந்தது, அதைச் சுற்றி மட்டும் மரம் வெளுத்துச் சதுரமாக நின்றது. டீச்சர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று சாயங்காலமே சண்டைக்கு முன்பே வாங்கி, இதே மாதிரி சீட்டு ஒட்டிக் கடையில் மீதி வைத்திருந்த ஜப்பான் சாமான் எல்லாவற்றிலும் என் சீட்டை உரித்தேன். அவை விற்கவே மூன்று வருஷம் ஆனது. கேட்டவனுக்கு ஊர்ப் பேரைச் சொல்லித்தான் விற்றேன், இந்தத் தெருவில் அப்படி விற்றவன் நான் ஒருத்தன்தான்.

வேலை கிடைத்துவிட்டது. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் டீச்சர் தந்தி மாற்ற வருவார். முடி நரைத்துக்கொண்டே வந்தது, நடை குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் அவர் வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை என்று கெங்கம்மா சொன்னாள். ஹென்றியின் படம் இருக்கும் முன் அறைக்கு அது போவதே இல்லையாம். பள்ளிவிட்டு வந்ததும் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவாராம், காலையில் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு புறப்படுவாராம்.

நாற்பத்தொன்பதில் அந்த ஹொனலூலு இன்னும் விற்காமல் தொங்கியது. தந்தி மாற்ற வந்தவரிடம், ஜப்பானைக் கொடுத்துவிட்டு இதை அதே விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நஷ்டத்துக்கு எதையும் கொடுக்கிறவன் இல்லை நான். டீச்சர் அதைக் கையில் வாங்கி, துடைத்து, ஒரு தடவை வருடிக் கேட்டார். பிறகு என்னிடமே நீட்டினார்.

“நல்லா இருக்கு, பாய். வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு வேலைக்குத்தான வேணும்.”

பழையதற்கு நாலு தந்தியும் மாற்றிக் கொடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டு கோபாலபுரம் பக்கம் நடந்தார்.