ஓடாதீங்க என்றால் யார் கேட்கிறார்கள்?

கால்வலிக்கு வைத்தியம் பார்ப்பதில் உள்ள பெரிய தொல்லை, நோயாளி அந்தக் காலாலேயே நடந்து வந்து, நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அதே காலால் ஓடிப்போய்விடுவதுதான். எண்பதுகளில் திருச்சி தில்லைநகரில் நான் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'கால் டாக்டரம்மா' ஆனேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் "அம்மா!" என்று கத்துகிற ஆளா நீங்கள்? அப்படியானால் கீழே வருகிறவர்களெல்லாம் உங்கள் சொந்தக்காரர்கள்தான்.

பொன்மலை ஓட்டக்காரர்

செல்வராஜுக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. வேலைக்கு முன்னாலும் ஓட்டம், பின்னாலும் ஓட்டம். குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி என்று மனைவியோடு வந்தார். குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார் ஓடுகிறது, அளவுக்கு மீறி ஓடினால் அது புண்ணாகும், ராத்திரியில் இறுகிப்போய் விடிந்ததும் முதல் அடியில் இழுபடும் என்று படம் போட்டு விளக்கினேன். எழுந்திருக்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கம் இழுக்கணும், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டணும், சோடா பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டணும். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்ச நாள் ஓடக்கூடாது.

அடுத்த மாதம் முன்னைவிட மோசமாக நொண்டிக்கொண்டு வந்தார். "ஓடறத நிறுத்தினீங்களா, இல்லையா?" என்றேன். "நிறுத்திட்டேங்க" என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டு. மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"கிரவுண்டுல ஓடறத நிறுத்திட்டாருங்க. இப்ப ரோட்டுல ஓடறாரு."

மடியான செருப்பு

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ரங்காச்சாரி ரிடையர்டு ஆபீசர். உடம்பு இளைக்கட்டும் என்று சித்திரை வீதி நாலையும் தினம் வெறுங்காலோடு வேகநடையாகச் சுற்றுவார். வலி வராமல் என்ன செய்யும்? வெளியே நல்ல ஷூ போடுங்க, வீட்டில் கல்தரையில் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்க என்றேன். மனுஷர் பதறிவிட்டார்.

"ஆத்துக்குள்ள செருப்பா? பெருமாள் எழுந்தருளியிருக்கற இடம்மா அது!"

புதுசாக ஒரு ஜோடி வாங்குங்க, வாசலுக்கே கொண்டு போகாதீங்க, அடுக்களைக்கும் பூஜை அறைக்கும் வேண்டாம், கூடத்தில் மட்டும் போடுங்க, மடி, ஆசாரம் எதுவும் கெடாது என்று அரைமணி நேரம் வாதாடினேன். சம்மதித்தார். வாங்கியும் விட்டார். ஆனால் வலி மட்டும் குறையவேயில்லை. தினமும் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படிம்மா? புதுசா இருக்கறவரைக்கும்தானே மடி? போட்டுண்டா பழசாயிடுமே!"

இறக்கம்

அருள்தாஸ் சார் கல்லூரி ஆசிரியர். மாணவர்களோடு பச்சைமலை ஏறுவதற்காக முதல் நாள்தான் கச்சிதமான லெதர் ஷூ வாங்கியிருந்தார். திரும்பி வந்தபோது இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துப்போய், குதிகாலெல்லாம் கொப்புளம். ஷூவைச் சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்கணும், விரலுக்கு முன்னால் இடம் இருக்கணும், வீட்டில் போட்டுப் பழக்கணும், இறங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கினால் கால் முன்னே வழுக்கி நகம் இடிக்காது என்று பொறுமையாகச் சொன்னேன். தானும் பாடம் நடத்துகிறவராயிற்றே, கவனமாகத்தான் கேட்டார்.

"ஏறும்போது ஒண்ணுமே இல்லைங்க மேடம். இறங்கறதுதான் பிரச்சினை. இறங்காம வர்றதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

தமிழ்ச்செல்வி

இவள் துறையூர்ப் பக்கத்து விவசாயியின் மகள். போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வயல்வரப்பிலும் தார்ரோட்டிலும் ஓடி ஓடி, பாதத்தின் மேல் ஒரே இடத்தில் வலி. அங்கே விரல் வைத்ததும் மூச்சை இழுத்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எலும்பில் மயிரிழை விரிசல்தான் என்று எலும்பு டாக்டரும் சொன்னார். அது ஆரம்பத்தில் படத்தில் விழாது.

"அன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும்ங்க. அப்புறம் எத்தனை மாசம் வேணும்னாலும் படுத்துக்கட்டும்" என்றார் அப்பா. எனக்கு வந்ததே கோபம்! "முழுசா ஒடிஞ்சா இந்த வருஷமும் போச்சு, அடுத்த வருஷமும் போச்சு! நீங்களா ஓடப்போறீங்க?" என்று வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன். அந்தப் பெண் எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள். எப்படியும் ஓடத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து வந்தாள், நொண்டாமல். ஓடவில்லையாம். அதே இடத்தை அழுத்தினேன், சிரித்தாள். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும், வலித்தால் அன்றைக்கு நிறுத்தம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே செய்தாள். மறுவருஷம் தேர்வாகி, அப்பாவோடு இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிக்கணும் என்றேன் அவரிடம்.

"நீங்க திட்டினது என்னங்க பெரிசு? போன வருஷப் பரீட்சைக்கு நான் இழுத்துட்டுப் போனப்ப பஸ் ஸ்டாண்டுல, 'ஏற மாட்டேன்'னு இவ திட்டினாளே, அதை நீங்க கேட்டிருக்கணும்!"

அத்தனை வருஷத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவள் அந்த ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் வலித்தது கால், எனக்கு வலித்தது தொண்டை.