மஞ்சள் உடுத்திய கோவிந்தராஜ்

கோவிந்தராஜ் அரக்கோணத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் நகருங்க" என்பார். நாய் நகர்ந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் அயனம்பாக்கத்தில் ஒரு பிளாட் வாங்கினார். அதோடு பார்க்கிங் இடமும் வந்தது. குடிவந்த வாரமே அசோசியேஷன் செயலாளர் நடேசன் தன் இரண்டாவது காரை அதில் நிறுத்திவிட்டார். "உங்ககிட்டதான் கார் இல்லையே சார்" என்றார். மனைவி பஞ்சவர்ணம் சண்டை போடச் சொல்லி அனுப்பும்போதெல்லாம் கோவிந்தராஜ் கீழே போய், நடேசனின் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு மேலே வருவார்.

இப்படியே போயிருக்கும். நடுவில் மொராக்கோ சுல்தான் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் மாடி கிருஷ்ணப்பிரியா ஐ.டி.க்காரி. ஆபீஸ் வேலையாக மொராக்கோ போனவள், முன்னூறு வருஷத்துக்கு முந்தைய சுல்தான் மௌலே இஸ்மாயிலைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பினாள். இருபது சொச்சம் வயதில் அரியணை ஏறி ஐம்பத்தைந்து வருஷம் ஆண்டவர். சிறைபிடித்து வந்த கைதிகளை வைத்தே மெக்னெஸ் நகரத்துக்குக் கோட்டை எழுப்பியவர். பிள்ளைகள் மட்டும் நூற்றுக்கணக்கில். அவர் மஞ்சள் உடுத்தினால் அன்றைக்கு யாருக்கோ தலை போகும் என்று அரண்மனையே நடுங்குமாம். பொங்கல் விழாவுக்கு அவள் அதை நாடகமாக எழுதினாள். சுல்தானாக நடிக்க இருந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் அந்த வளாகத்தில் ஒருவர்தான்.

ஒத்திகையில் முக்கியமான காட்சி இதுதான்: சுல்தான் கோட்டைச் சுவரில் குறுவாளைச் செருகிப் பார்ப்பார், இடுக்கில் நுழைந்தால் கொத்தனார் தலை காலி. கொத்தனார் நடேசன். வெட்டுபவர் வாட்ச்மேன் ஏகாம்பரம்.

"இவரு தலையை... கொஞ்சம் வெட்டிடுறீங்களா?" என்றார் கோவிந்தராஜ்.

ஏகாம்பரம் அட்டை வாளைத் தாழ்த்தினார். "இன்னா சார், ஆர்டர் குடுக்கிறியா, கைமாத்து கேக்கிறியா?"

"அங்கிள், நீங்க யார்மேலயும் கோபப்பட்டதே இல்லையா?" என்று கிருஷ்ணப்பிரியா கேட்டாள்.

அவர் யோசித்தார். "ரயில்ல ஒருத்தர்கிட்ட. அப்புறம் அவர் இறங்குற ஸ்டேஷன்ல நானும் இறங்கி மன்னிப்பு கேட்டுட்டேன்."

வீட்டில் சாப்பிடும்போது, சுல்தானின் அந்தப்புரத்தில் ஐநூறு பேர் இருந்தார்களாம் என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார்.

"பாவம் அந்த மனுஷன். கொத்தமல்லி வாங்க மறந்துட்டு வந்தா ஐநூறு பேர்கிட்ட திட்டு வாங்கணும்" என்றாள் பஞ்சவர்ணம். ஆனாலும் அங்கி தைக்கத் தன் மஞ்சள் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

விழாவன்று மஞ்சளில் மேடையேறினார் கோவிந்தராஜ். குறுவாள் தெர்மோகோல் சுவரில் பிடிவரைக்கும் இறங்கியது. நடேசன் மண்டியிட்டுக் கை கூப்பினார். அவரைக் குனிந்து பார்ப்பது கோவிந்தராஜுக்கு இதுவே முதல்முறை. நடேசனின் வழுக்கை அங்கிருந்து மிகச் சாதுவாகத் தெரிந்தது. வாள் உயர்ந்தது.

"நிறுத்து" என்றார்.

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. திரைக்குப் பின்னால் கிருஷ்ணப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உன் தலை எனக்கு வேண்டாம். என் இடத்தில் நிற்கும் உன் காரை எடு."

பிளாஸ்டிக் நாற்காலிகள் கலகலத்துச் சிரித்தன. நடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், இது டயலாக்லயே இல்ல" என்றார். மைக் அவர் சட்டையிலேயே இருந்ததால் அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

ஏகாம்பரம் வாளை அவர் கழுத்தில் வைத்தார். "சட்டுனு சொல்லு நைனா, எடுக்கிறியா, வெட்டிரட்டா? கை வலிக்குது."

"எடுக்கிறேன் மன்னா" என்றார் நடேசன்.

கைதட்டல் அடங்கவே இல்லை. எண்பது வயதுச் சுல்தான் படுக்கையில் உயிர்விடும் கடைசிக் காட்சியை நடத்தவே முடியவில்லை. கிருஷ்ணப்பிரியா அதற்காகத்தான் நாடகமே எழுதியிருந்தாள். கோவிந்தராஜ் நடேசனைத் தேடிக் கிளம்பினார். பஞ்சவர்ணம் அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "மன்னிப்பு கேட்டுட்டு வந்தீங்கன்னா கதவைத் திறக்கமாட்டேன்."

மறுநாள் காலை இடம் காலியாக இருந்தது. இருவரும் இறங்கிப்போய்ப் பார்த்தார்கள். அதை என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. வெயில் வராததால் வடாம் பிழியவும் உதவாது. கடைசியில் இரண்டு நாற்காலி போட்டு டீ குடித்தார்கள்.

இடம் தேடி வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது நடேசனின் கார். ஒவ்வொரு சுற்றிலும் கோவிந்தராஜ் மரியாதையாகக் கை உயர்த்தி வணக்கம் வைத்தார். நாற்காலியிலிருந்து மட்டும் எழுந்திருக்கவில்லை.