மூன்றாம் எதிரி தீபிகா

காட்டுப்பாக்கத்தில் தண்ணி லாரி வரும் தெருக்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. குடம் முதலில் போய் வரிசையில் நிற்கும், ஆள் சாவகாசமாகப் பின்னால் போவார். அந்தக் குடத்தை யாராவது ஒரு சாண் நகர்த்தினால் தீர்ந்தது கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதக் காலையில், அன்னம்மாளின் குடத்தை எதிர்வீட்டு நாகம்மா நகர்த்தினாள். அன்னம்மாள் அதே குடத்தைத் தூக்கி நாகம்மாவின் மண்டையில் ஒன்று வைத்தாள். எவர்சில்வர் குடம், நெற்றியில் நாலு தையல். அன்னம்மாளின் மகன் விக்ரம் நடுவில் புகுந்தான். விலக்கிவிடப் புகுந்தானா, தள்ளிவிடப் புகுந்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மகள் தீபிகா அப்போது தெருவிலேயே இல்லை. திருமழிசை தாண்டி ஹைவே ஓரத்துக் காலேஜில் பி.ஏ. குற்றவியல் முதல் வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். 'குற்றம் என்றால் என்ன? விளக்குக' என்று ஐந்து மார்க் கேள்வி. அதற்கு அவள் விடை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஒரு புகார் மனுவில் அவள் பேரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எழுதியவர் நாகம்மாவின் கொழுந்தன் தேவராஜ். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, போலீஸ் புகாரானாலும் சரி, வீட்டில் ஒரு பேரை விட்டுவிட்டால் நம் ஜனங்களுக்கு மனசு ஆறாது. அன்னம்மாள், விக்ரம், தீபிகா என்று குடும்பத்தோடு போட்டுவிட்டார். தீபிகாவின் அப்பா செத்துப் போய்விட்டார், இல்லையென்றால் அவர் பேரும் சேர்ந்திருக்கும். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பேர். அம்மா முதல் எதிரி, அண்ணன் இரண்டாம் எதிரி, பரீட்சை எழுதப் போனவள் மூன்றாம் எதிரி.

சண்டை ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. நாகம்மாவின் புருஷனுக்கு நெஞ்சு வலித்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே அன்னம்மாள்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. கேஸ்தான் ஆறவில்லை. ஆயுதத்தால் தாக்கிய பிரிவு என்பதால், சமாதானமாகிவிட்டோம் என்று அந்தக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாதாம். கைவசம் இருப்பது ஒரே வழி, நாகம்மா கூண்டில் ஏறி 'யார் அடித்தார்கள் என்று தெரியாது' என்று சொல்ல வேண்டும். நாகம்மா அதற்கு எப்போதோ தயார்.

தீபிகாவுக்கு எஸ்.ஐ. ஆக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வாள். உயரம் நூற்றி ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சுவரில் கோடு போட்டுப் பார்ப்பாள். இருபது வயசுக்கு மேல் பெண் வளரவா போகிறாள் என்று விக்ரம் கிண்டல் செய்வான். கேஸைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. விடுதலையாகிவிட்டால் சுத்தம், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தாள்.

மூன்றாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, போலீஸ் நிர்வாகப் பாடம் எடுக்கிற ஸ்ரீகாந்த் சார் ஆள் எடுப்பு விதிகளை வாசித்துக்கொண்டே போனார். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியானதால், அதாவது கூண்டில் மாற்றிச் சொன்னதால், விடுதலையானவரும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அப்படிப்பட்டவருக்குப் போலீஸ் வேலை கிடையாது. குற்றமே செய்யவில்லை என்று கோர்ட் சொல்லியிருக்க வேண்டும். பத்து மார்க் கேள்வி, கட்டாயம் வரும் என்றார் சார்.

தீபிகா ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். பக்கத்தில் சபீனா ஏதோ சினிமாக் கதை சொன்னாள், அதையும் கேட்டாள். உள்ளே ஏதாவது உடைந்திருக்க வேண்டுமே என்று தன்னைத்தானே தடவிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மரத்துப்போன காலோடு நடக்கிற மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் வக்கீல் வரதனிடம் போனாள். அன்றைக்குப் பரீட்சை ஹாலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் சார், அதைக் காட்டி எனக்கு மட்டும் தனியாக, குற்றமே செய்யவில்லை என்று தீர்ப்பு வாங்க முடியாதா என்று கேட்டாள். வரதன் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சாட்சியே கழண்டுக்கிற கேஸ்ல கையெழுத்த யாரும்மா பாக்கப் போறாங்க? மூணு பேருக்கும் சேத்து ஒரே வரில முடிச்சுடுவாங்க. உனக்குத் தனியா வேணும்னா நாகம்மா நெஜத்தச் சொல்லணும். இந்தப் பொண்ணு அங்க இல்லன்னு சொல்லணும். சொன்னா அடுத்த கேள்வி இன்னா வரும்? அப்ப யாரு இருந்தா, யாரு அடிச்சான்னு வரும். உங்கம்மா உள்ள போவாங்க. பரவாயில்லையா?"

பரவாயில்லையா என்று அவர் சும்மா கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். தீபிகா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இந்த விதியைப் பற்றி வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போய், நான்தான் அடிச்சேன் சாமி, எம் பொண்ண உட்டுடுங்க என்று நிற்பாள். அட்டைப்பெட்டி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று நின்று வீங்கிய காலோடு ஜெயிலுக்கும் போவாள். அன்னம்மாளைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே இருக்காது.

சாட்சி நாள் வந்தது. பூந்தமல்லி கோர்ட் வராந்தாவில் எதிரிகளும் புகார்தாரரும் ஒரே தூணில் சாய்ந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். அன்னம்மாளும் விக்ரமும் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து நாகம்மா தீபிகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் சரியில்லை.

"தீபி, அன்னிக்கு உன் பேர நான் சொல்லவே இல்லடி. தேவராஜுதான் எழுதிட்டாரு. ரெண்டு வருசமா உன்னப் பாக்கறப்பல்லாம் எனக்கு உறுத்திகினே கீது. நீ மட்டும் அங்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடட்டா?"

கும்பிடப்போன சாமி குறுக்கே வந்ததுபோலத்தான். தீபிகா கேட்காமலே வரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசையும் எங்கேயோ தூரத்தில், இன்னொருத்திக்கு நடப்பதுபோல இருந்தது. டீக்கடையிலிருந்து அம்மா திரும்பி வருவது தெரிந்தது. நாகம்மாவுக்கென்று ஒரு பேப்பர் கப்பைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"யாரையுமே தெரியாதுன்னு சொல்லிடுங்கக்கா. அதான் நல்லது," என்றாள் தீபிகா.

நாகம்மா அப்படியே சொன்னாள். கூண்டில் ஏறி, பதினைந்து வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிற மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்து, இவர்களை நான் பார்த்ததே இல்லை, ஈரத்தில் வழுக்கி விழுந்தேன் என்றாள். தேவராஜும் ஒத்து ஊதினார். மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து அனைவரையும் விடுதலை செய்வதாக வாசித்தார்கள். அன்னம்மாள் காதில் விழுந்தது 'விடுதலை' மட்டும். வாசலில் வரதன் தீபிகாவைப் பார்த்தார், பிறகு அடுத்த கட்சிக்காரரிடம் போய்விட்டார்.

அன்று மதியம் அன்னம்மாள் கேசரி கிண்டினாள். பாத்திரத்தோடு எதிர்வீட்டுக்குப் போனாள், மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. நாகம்மாவின் நெற்றித் தழும்பைத் தடவி, வாயில் ஒரு கரண்டி ஊட்டினாள். அப்புறம் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நாகு, நீ மட்டும் அன்னிக்கு கூண்டுல வாயத் தொறந்திருந்தா எம் பொண்ணு வாழ்க்க அவ்ளோதான். அவ போலீஸ் ஆனா அது நீ போட்ட பிச்ச."

நாகம்மா தீபிகாவைப் பார்த்துச் சிரித்தாள். எப்போ எஸ்.ஐ. பரீட்சை என்று கேட்டாள். டிசம்பரில் இருக்கும் என்றாள் தீபிகா.