உள்ளங்கை அளவு சீனி

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஆனால் அதிகாரம் நிறைய. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எவ்வளவு சீனி என்பதை என் வலது உள்ளங்கைதான் தீர்மானித்தது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்படியொரு செல்வாக்கோடு நான் வாழ்ந்ததில்லை.

அப்பா படகு என்ஜின் திருத்துகிறவர். திருகோணமலையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டில், அதுதான் பட்டறை. மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் ஆட்கள் என்ஜினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிறவர் முதலில் செய்கிற காரியம், அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணி சொல்வது. வேண்டாம் என்றால் அந்த ஆளுக்கு முகம் கறுத்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை என்ஜினோ அத்தனை தேத்தண்ணி, ஒவ்வொன்றும் பாகு மாதிரி இனிப்பு. இந்த ஏற்பாட்டில் அப்பாவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் என்ஜினின் விசிறி பட்டு அவருடைய கால் பெருவிரலில் சின்னக் காயம். இரண்டு கிழமையில் ஆற வேண்டியது ஆறு கிழமையாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்றார்கள். சம்பூரில் இருந்த பெரியப்பாவுக்கும் இதே வருத்தம்தான். அவருக்கும் ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்கியது. இப்போது அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. டொக்டர் குளிசை எழுதித் தந்து, சாப்பாட்டைக் கவனிக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னபோது, அப்பாவும் அம்மாவும் ஆளை ஆள் பார்க்கவில்லை. எடுத்த விரலை எங்கே வைப்பார்கள் என்பதுதான் அப்போது என்னுடைய யோசனை.

அம்மா பாலர் பாடசாலை ரீச்சர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கிளினிக்கில் கொடுத்த தாளை அலுமாரிக் கதவில் ஒட்டி, அதில் இருந்த அவ்வளவையும் அடுத்த நாளே நடைமுறைப்படுத்தினார். சீனிப் போத்தல் மறைந்தது. வெள்ளைச் சோறு மறைந்தது. காலையில் குரக்கன் மாவில் கறுத்த பிட்டு, மத்தியானம் பாகற்காய், இரவில் மீண்டும் குரக்கன். ஒரு குற்றமும் செய்யாத நானும் சேர்ந்து தண்டனை அனுபவித்தேன். நாலு நாள் அப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் பின்னேரம் கடைத்தெருவில் அம்மாவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். முன்னால் கொத்து ரொட்டி, பக்கத்தில் ஒரு சோடா.

இன்றைக்குப் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது என்று நான் குசினி வாசலில் வசதியாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். ஆனால் அப்பா சண்டைக்கு வரவில்லை. கதிரையில் இருந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரேயடியா எண்டால் என்னால ஏலாது. கொஞ்சம் கொஞ்சமா எண்டால் பாப்பம்.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அம்மா கேட்டார். அப்பா உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, அதைத் தொட்டு நக்கியபடி வெறும் தேத்தண்ணி குடிப்பது எங்கள் பக்கத்தில் பழக்கம்தான். கலக்கிக் குடிப்பதைவிட அதில் சீனி குறைவாகத்தான் போகும். ஆனால் அப்பாவுடையது என்ஜின் தூக்குகிற கை. அதில் ஒரு வீட்டுக்குப் போதுமான சீனி கொள்ளும். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“பிள்ளையின்ர கையளவு” என்றார்.

அப்பா என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். இந்தக் கையில் இருக்கிற சீனியைத் தவிர வேறு சீனியைத் தொடமாட்டேன் என்று. காலையில் நான் பள்ளிக்கூடம் போக முன்னர் ஒரு தடவை, பின்னேரம் நாலு மணிக்கு அவர் பட்டறையில் இருந்து வீட்டுக்கு நடந்து வந்து ஒரு தடவை. அவ்வளவுதான் கணக்கு.

சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமான உத்தியோகம். அப்பா விரல் நுனியால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்து, ஆற அமரக் குடித்து முடிக்கும்வரை நான் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு மூக்கு அரிக்கும். கை நோகாமல் இருக்க அப்பா பட்டறைக் கதை எல்லாம் சொல்லுவார். அம்மாவும் என் கைக்கு வேலை கூட்டினார். அப்பாவின் சோற்றுக் கோப்பையில் இருந்து கிழமைக்கு ஒரு பிடி சோற்றை நான் குறைக்க, அந்த இடத்தில் ஒரு பிடி கீரையோ வல்லாரைச் சம்பலோ வரும். ஒரு பிடிதானே என்று அப்பாவும் சாப்பிட்டுவிடுவார். குரக்கனும் கிழமைக்கு ஒரே ஒரு நாள் என்று திரும்பி வந்தது, இந்த முறை சம்பலோடு.

பட்டறையில் யாராவது தேத்தண்ணி நீட்டினால் அப்பா சீனி இல்லாமல் தரச் சொல்லுவாராம். ஏன் என்று கேட்டால், “என்ர சீனி பள்ளிக்கூடம் போயிட்டுது” என்பாராம். பிறகென்ன, துறைமுகம் முழுக்க என் பெயர் சீனி ஆகிவிட்டது. பின்னேரம் நான் அந்தப் பக்கம் போனால், கிண்ணியா மீனவ நானாமார் வலையைப் பின்னிக்கொண்டே, சீனிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டதா என்று கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமை வந்தால் பின்னால் லஞ்சமும் வரும். கையைத் தட்டையாகப் பிடித்தால் சீனி ஒரு தேக்கரண்டிகூட நிற்காது. விரல்களை மடக்கிக் கிண்ணமாகப் பிடித்தால் இரண்டு மடங்கு. இந்த விஞ்ஞானத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் அப்பாதான். அதற்குக் கூலியாக, சனிக்கிழமைகளில் பட்டறையில் என்ஜினின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண விடுவார். அது உறுமுகிறபோது வருகிற சந்தோசத்துக்கு நான் எதையும் விற்கத் தயாராக இருந்தேன். அம்மா குசினிக்குள் திரும்பியதும் என் விரல்கள் தாமாக மடங்கும். அப்பா கண்ணடித்துக்கொண்டே சீனிப் போத்தலைச் சரிப்பார். வேலியே பயிரை மேய்ந்தது.

ஒரு மாதம் கழித்து மூன்று பேருமாகக் கிளினிக்குக்குப் போனோம். சீனி இறங்கவே இல்லை. காயமும் அப்படியே. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் விரலைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வரும் வழியில் அம்மா யாரையும் ஏசவில்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் கையை இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது.

அடுத்த நாள் காலை நான் கையைப் பலகை மாதிரித் தட்டையாக நீட்டினேன். வழக்கம்போல அம்மா திரும்பிய நேரம், அப்பா தன் விரலால் என் விரல்களை மெல்ல மடக்கப் பார்த்தார். நான் விறைப்பாகவே வைத்திருந்தேன்.

“என்ன பிள்ளை?”

“ஏலாது அப்பா. பெரியப்பாவுக்கும் ஆரோ இப்பிடிக் கிண்ணம் பிடிச்சிருக்கினம்.”

அப்பா சிரிக்கவில்லை. கண்ணடிக்கவும் இல்லை. தட்டையான கையில் இருந்த அந்தத் துளிச் சீனியை வைத்துக்கொண்டே முழுத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தார். அந்தச் சனிக்கிழமை இனி என்ஜின் கயிறு கிடைக்காது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கிடைத்தது. இரண்டு தரம்.

அதன் பிறகு ஒரு பின்னேரம், அப்பா கை கழுவி வருவதற்குள் நான் சீனியோடு கேற்றடியில் நின்றேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மான்கள் ஆடு மாடு மாதிரித் திரியும். மரக்கறித் தோலுக்கு வந்து நின்ற ஒன்று, கேற்றுக்கு மேலால் கழுத்தை நீட்டி, என் கையை ஒரே நக்கில் துடைத்துவிட்டுப் போய்விட்டது. நான் கத்திக்கொண்டு ஓடி வந்து இன்னொரு கை சீனி கேட்டேன். இன்றைய அளவு முடிந்துவிட்டது, வேண்டுமென்றால் அப்பா போய் மானிடம் கேட்கட்டும் என்றார் அம்மா. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்றைக்குத் தேத்தண்ணியை வெறுமனே குடித்தார். குடித்துவிட்டு, தேத்தண்ணிக்கே ஒரு ருசி இருக்கிறது போல என்று அதிசயமாகச் சொன்னார். எனக்கு மானின் மேல் இருந்த ஆத்திரம் ஒரு கிழமைக்கு அடங்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. காயம் மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. டொக்டர் விரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை இனி ஒருவரும் எடுக்கப் போவதில்லை, இப்படியே தொடருங்கள் என்றார். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே, ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு அழுகையோடு சிரித்தார். நானும் துள்ளினேன். என்னுடைய கையால்தான் இவ்வளவும் நடந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேத்தண்ணி போட்டார். நான் கையைக் கழுவித் துடைத்து, சீனிப் போத்தலுக்குக் கிட்டப் போனேன். அப்பா வேண்டாம் என்றார். இனிமேல் சீனி இல்லாமலே குடிப்பாராம்.

இவ்வளவு உழைத்ததற்கு இதுவா மரியாதை? நான் விம்மி விம்மி அழத் தொடங்கினேன். நல்ல செய்தி வந்த வீட்டில் பிள்ளை ஏன் அழுகிறது என்று அம்மாவுக்கு விளங்கவே இல்லை. அப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னைக் கிட்ட இழுத்தார்.

“சீனிதான் வேண்டாம் எண்டனான். கையை வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெறுங்கையை நீட்டினேன். அப்பா விரல் நுனியால் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு மிடறு குடித்தார். மறுபடி தொட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முன்னையதைவிட இனிப்பாக இருக்கிறது என்றார். அவர் பகிடி விடுவது போலவும் தெரியவில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே செய்தார். அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் நாள் நான் பொறுக்க முடியாமல் குசினிக்குள் போய், அம்மாவின் காதில் மெல்லச் சொன்னேன்: அப்பாவுக்கு நாக்கு வேலை செய்யவில்லை, வெறுங்கையைத் தொட்டு வைத்துவிட்டு இனிக்கிறது என்கிறார், கெதியாக டொக்டரிடம் காட்ட வேண்டும். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எனக்கு நல்ல கோபம் வந்தது. அந்த மனுசனின் நாக்கைப் பற்றி இந்த வீட்டில் கவலைப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்தபடி, அடுத்த தேத்தண்ணிக்குக் கை கழுவப் போனேன்.