சீம்பாலுக்கு வந்த கிண்ணங்கள்

எங்கள் ஊரில் எந்த வீட்டு எருமை கன்று போட்டாலும் முதலில் மூக்கு வியர்ப்பது, கைத்தொழில்காரர் என்பதால் எல்லோரும் 'உஸ்தா' என்று கூப்பிடும் நாவிதர் மெத்வல்லிக்குத்தான். கத்தியும் சோப்பும் வைத்திருக்கும் தோல் பையின் அடியில் ஒரு நீலப் பீங்கான் கிண்ணமும் எப்போதும் இருக்கும். "மப்ரூக், மப்ரூக்!" என்று வாழ்த்திக்கொண்டே நுழைவார். வீட்டுக்காரருக்கு முடி வளர்ந்திருக்கிறதோ இல்லையோ, வெட்டி முடித்துவிட்டுத்தான் மறுவேலை. அதற்குள் அடுப்பில் சீம்பால் கட்டியாக வெந்திருக்கும்.

தின்பதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். "சீம்பால் குடிச்சா கன்னுக்குக் கழிச்சல் வரும். உங்க கன்னைக் காப்பாத்தத்தான் நான் இந்தப் பாடு படறேன்" என்பார். ஊரே அப்படி நம்பியதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், இவர் சொல்லிச் சொல்லித்தான் ஊர் நம்பியது.

போன வருடம் அவர் வீட்டு எருமையே கன்று போட்டது. முதல் கறவை முழுவதும் மெத்வல்லியின் வயிற்றுக்குப் போனது. கன்று தண்ணீராகக் கழிந்து செத்தது. கன்றைக் காணாத எருமை பாலை இறக்க மறுத்து அடக்கிக்கொண்டது. வளையலை விற்று அந்த எருமையை வாங்கியவர் அவர் மனைவி ஃபிக்ரிய்யா. பாலாடைக்கட்டி விற்றுத்தான் குடும்பம் நடந்தது.

"அடுத்த கன்னும் போச்சுன்னா எருமையை வித்துடுவேன். அப்புறம் உங்க நீலக் கிண்ணத்தைக் கறந்து குடிங்க" என்று ஃபிக்ரிய்யா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார்.

இந்த வருடம் எருமை நிறைசினையாக இருக்கும்போது கால்நடை மருத்துவர் ஸமாஹ் வந்து ஊசி போட்டார். பிறந்த உடனே முதல் பாலைக் கன்றுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். மெத்வல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

"டாக்டரம்மா, சவரத்தைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்றேன். எருமையைப் பத்தி..."

"எருமையைப் பத்தி நான்தான் சொல்லணும், உஸ்தா. இங்க வாங்க." மருத்துவர் அவருடைய அங்கியில் ஒட்டியிருந்த ஒரு முள்காயைப் பிய்த்தார். "இது எப்படி ஒட்டுச்சு?"

"கொக்கி கொக்கியா இருக்கே."

"கழிச்சல் கிருமிக்கும் அப்படித்தான். உடம்பு பூரா புரத நூலு. அதோட நுனி குடலைக் கவ்விப் பிடிச்சுக்கும். பிடி கிடைக்கலைன்னா சாணியோட சாணியா வெளியே போயிடும். கிடைச்சா அங்கேயே குடித்தனம் பண்ணி விஷத்தைக் கக்கும்."

"அப்ப ஊசியில என்ன இருக்கு?"

"அந்த நூலுதான், கிருமி இல்லாம. எருமையோட உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பு மருந்தைத் தானே செஞ்சு சீம்பால்ல இறக்கிடும்."

மருத்துவர் மெத்வல்லியின் பையிலிருந்த சவரச் சோப்பில் முள்காயை அழுத்தித் தேய்த்தார். கொக்கிகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. அதை மறுபடி அவர் நெஞ்சில் எறிந்தார். வழுக்கிக் கீழே விழுந்தது.

"சீம்பால் செய்யற வேலை இதுதான், உஸ்தா."

மெத்வல்லி கீழே கிடந்த முள்காயையே பார்த்தார். "அப்ப போன வருஷத்துக் கன்னு...?"

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஃபிக்ரிய்யா கையை நிறுத்தினார். மெத்வல்லியின் முகத்தில் ஈயாடவில்லை. வாயில்லாத ஜீவனின் பங்கைத் தின்றுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

எருமை கன்று போட்டது. செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வருடம் அவருக்குப் படியளந்த வீடுகள் எல்லாம் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்துவிட்டன. ஹாஜ் பஸ்யூனி கிண்ணம் போதாதென்று அண்டாவே கொண்டுவந்திருந்தார்.

மெத்வல்லி தொழுவத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது. கன்னு குடிக்கட்டும்."

"கழிச்சல் வரும்னு நீதானே சொன்ன?"

"தின்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு சொன்னேன், ஹாஜ்."

"அடப்பாவி! என் வீட்டுல தட்டை வழிச்சு நக்கும்போது இந்த ஞானம் எங்க போச்சு? இனிமே என் வாசப்படியை மிதிச்ச, பாத்துக்க!"

"எங்க வாசலையும்!" என்றது கூட்டம்.

ஊரில் இருந்த அத்தனை அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்ததுபோல் இருந்தது மெத்வல்லிக்கு. "மிதிக்கல" என்றார். அண்டா வெறுமையாகத் திரும்பியது.

அதன்பின் தினமும் காலையில் தொழுவத்தில் குந்தி, கன்றின் சாணி கெட்டியா இளகலா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் முகத்தை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்றார் ஃபிக்ரிய்யா. ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டார். கன்று துள்ளியது. எருமை பாலை இறக்கியது. விற்கும் பேச்சு அதோடு போனது.

கொஞ்ச நாளில் பஸ்யூனியின் எருமை கன்று போட்டது. நீலக் கிண்ணத்தோடு மெத்வல்லி தெருவில் வருவதைப் பார்த்து ஊரே கைகொட்டிச் சிரித்தது. மானம் ரோஷம் இல்லாதவன் என்றார்கள். அவர் வாசப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"மிதிக்கல, ஹாஜ். கிண்ணத்தை மட்டும் உள்ள கொண்டு போங்க."

"வெட்கமா இல்ல?"

"பால் எனக்கில்ல. இது என் கன்னோட பங்கைத் தின்ன கிண்ணம். இதுல கறந்து உங்க கன்னுக்கு ஊட்டுங்க."

பஸ்யூனி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கன்று சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தம் தெருவரை கேட்டது. அது ஓயும்வரை மெத்வல்லி வெயிலில் அங்கேயே நின்றார். நடுநடுவே எச்சில் விழுங்கினார். அதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.