ஆவாரனுக்கு வைத்த கூழ்

மருமகன் கப்பலில் வேலை பார்ப்பவர். இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது வீட்டு நாய்க்கென்று ஒரு டஜன் தகர டப்பா வாங்கி வந்திருக்கிறார். மேலே நாய்ப் படம். கீழே வளர்ந்த நாய்களுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. பேத்தி ஒன்றைத் திறந்தாள். உள்ளே கொழகொழவென்று குழம்பில் ஊறிய இறைச்சித் துண்டுகள். "மோந்து பாருங்க தாத்தா" என்று மூக்கருகே நீட்டினாள். மோந்து பார்த்தேன். நல்ல வாசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று மத்தியானம்வரை யோசித்தேன். நெருப்பு வாசனை இல்லை. அது பிடிபட்டதும் ஆம்பூர் வந்துவிட்டது, எஸ்தரக்கா வந்துவிட்டாள், பின்னாலேயே ஆவாரனும் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. சோளிங்கரில் முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டில் பிறந்த எனக்கு, வேலை கிடைத்ததோ ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு ஷாப்பில். கேட்டில் உட்கார்ந்து வரும் வண்டி, போகும் வண்டியை எழுதிவைக்கும் ரைட்டர் வேலை. முதல் நாள் அந்த நாற்றம் தாங்காமல் இரண்டு முறை வாசலுக்கு ஓடினேன். பதினைந்தாம் நாள் தோல் ஊறும் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டேன். மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான். நாற்றத்துக்கு நடுவே ஒரு நல்ல மணமும் இருந்தது. தோல் பதப்படுத்த மலைமலையாகக் குவித்திருக்கும் ஆவாரம் பட்டையின் மணம். மழை பெய்தால் அந்தப் பட்டைக் கிடங்கில் போய் நின்றுகொள்வேன்.

ஆவாரன் பிறந்தது அந்தக் கிடங்கில்தான். உடம்பும் ஆவாரம்பூ மஞ்சள். காவலுக்கு இரண்டு நாய்கள் உண்டு. இன்னொன்று வெள்ளை, அதனால் அதன் பெயர் துரை. தோல் பார்க்க நிஜத் துரை யாராவது வரும் நாளில் மட்டும் அதைச் சின்னான் என்று கூப்பிடுவோம். நாய் அதற்கும் திரும்பிப் பார்க்கும், கெட்டிக்கார நாய்.

முதலாளி பாய் ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். எச்சில் பட்டுவிடும் என்று நாயைத் தொடமாட்டார். ஆனால் காலையில் குதிரை வண்டியைவிட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "குத்தாங்களுக்கு கானா ஆச்சா?" என்பதுதான். நாங்கள் சாப்பிட்டோமா என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை!

நாய்களுக்கான அந்தக் கானாவைப் பொங்குகிறவள் எஸ்தரக்கா. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவள். ஆட்டு மயிர் பிரிக்கிற வேலைக்கு வந்தவளிடம் நாய்ச்சட்டியும் சேர்ந்துவிட்டது. கேழ்வரகுக் கூழ், அதில் ஆட்டுத்தலை வேகவைத்த தண்ணீர், ஒரு பிடி முருங்கைக்கீரை. உப்பு கிடையாது. எலும்பை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுவாள். பிறகு கரண்டியைச் சட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். கூழ் பொத்தென்று விழ வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஆகாது, தண்ணீராக ஒழுகினாலும் ஆகாது. சீமந்தத்துக்குச் சமைப்பவள்போல அவ்வளவு சிரத்தை.

எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. இரண்டு கடோத்கஜன்களுக்குக் கூழா? யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பக்கம் பார்த்தால், புதுத் தோலில் காது, வால், ஓரம் என்று சதையோடு கத்தரித்துக் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். அதையெல்லாம் வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவன் வண்டியில் அள்ளிப் போகிறான். மாமிசம் தொடாத வீட்டுப் பிள்ளைக்கு வந்த ஜீவகாருண்யத்தைப் பாருங்கள். தினமும் சாயங்காலம் நாலு துண்டைக் கழுவி, காகிதத்தில் சுற்றி, ஆவாரனுக்கு என் கையாலேயே ஊட்டினேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம். துரை வாங்கிக்கொள்ளவில்லை. ஆவாரன் என் விரல் இடுக்கைக்கூட விடாமல் நக்கினான். எனக்கு ஒரே பெருமை.

பத்தாம் நாள் காலை கேட்டைத் திறந்ததும் உள்ளே சத்தம். முந்தின நாள் வந்திறங்கிய ஆட்டுத் தோல் கட்டில் ஒன்று பிரிந்து கிடந்தது. நல்ல தோல் ஒன்றில் பாதியைக் காணோம். மிச்சப் பாதியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஆவாரன் என்னைப் பார்த்து வாலாட்டினான்.

எஸ்தரக்கா நேரே என்னிடம் வந்தாள்.

"இன்னா குடுத்த ரைட்டரே அதுக்கு?"

சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் விளங்கியது. தோல் ஷாப்பில் நாய்க்கு அவ்வளவு சுத்தமாகச் சமைத்துப் போடுவதே, சுற்றிலும் கிடப்பது தின்கிற பொருள் என்று அதற்குத் தெரியாமல் இருப்பதற்காக. கூழைத் தளதளவென்று வைப்பதும் உப்புப் போடாததும் தாகம் எடுத்துத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. நாலு வருஷமாகத் தோலுக்கு நடுவிலேயே படுத்துத் தோல் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்த நாய்க்கு நான் பத்தே நாளில் பாடம் நடத்தி முடித்துவிட்டேன்.

"வளந்த நாய்க்குத் தீனி போடறது வெளையாட்டா? குட்டின்னா எதையாச்சும் போட்டு வளத்துடலாம். இதுக்கு வயிறு ஜாஸ்தியா ரொம்புனா தூங்கிப்பூடும், கம்மியானா திருடும். ருசி தப்புனா இதான்" என்றாள்.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். தோல் ருசி கண்ட நாயை எந்த ஷாப்பிலும் வைத்திருக்க மாட்டார்கள். வெளியே விரட்டினாலும் சுவரேறித் திரும்பி வரும். அதனால் சுட்டுவிடுவதுதான் வழக்கம். ஆம்பூரில் அப்போது அதற்கென்றே துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் இருந்தார்.

முதலாளி முன்னால் போய் நின்று, செய்தது நான்தான் என்றேன். அவர் கத்தவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காவலுக்கு வெச்ச ஜீவன் தம்பி அது. நாம குடுக்கறதத்தான் திங்கும். அதுங்கிட்டே தப்பே இல்லை. ஆனா அதத்தானே அனுப்பணும், உன்னை அனுப்பி இன்னா பிரயோஜனம்?" அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

எஸ்தரக்கா முன்னால் வந்தாள். "எட்டு நாள் குடுங்க பாய். கட்டிப் போட்டுப் பாக்கறேன். ஒம்பதாம் நாள் நீங்களே பரீட்சை வைங்க. தோலும் வைங்க, என் கூழும் வைங்க. தோலைத் தொட்டா உங்க இஷ்டம்."

அந்த எட்டு நாளும் அவள் பட்ட பாட்டை நான் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பழைய கூழ். ஆவாரன் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மறுநாள் நுரையீரல் போட்டாள். பாதி தின்றான். மூன்றாம் நாள் ஆட்டுக்குடல். சட்டியையே நக்கித் தேய்த்துவிட்டான். ஆயிற்று, பிழைத்தான் என்று நான் துள்ளினேன். அக்கா சட்டியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, குடல் இனிமேல் கிடையாது என்றாள்.

"ஏங்க்கா? அதான் நல்லா சாப்புடுதே?"

"அதுக்குப் புடிச்சது வேற, ஆகறது வேற. குடல்ல பச்சை வாடை இருக்குது. தோலு வாடைக்கு அது கூடப்பொறந்த தம்பி."

ஐந்தாம் நாள் எதையும் தொடாமல் படுத்துக் கிடந்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அக்கா அடுப்பின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கசாப்புக் கடைக்குப் போய் ஒரு துண்டு ஈரல் வாங்கி வந்து தணலில் சுட்டாள். ஓரம் கருகும்வரை சுட்டு, உதிர்த்து, கூழில் கலந்தாள். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். பொத்தென்று விழுந்தது. ஆவாரன் தலையைத் தூக்கினான்.

"இந்த ஷாப்புல எந்தத் தோலுக்கும் இல்லாத வாசனை ஒண்ணே ஒண்ணுதான் ரைட்டரே. நெருப்பு வாசனை" என்றாள். அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நான் பள்ளி இறுதி வரை படித்தவன். இப்போதும் அந்த வாக்கியத்தை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

எட்டாம் நாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து எனக்கு ஓர் உத்தரவு வந்தது. "நாளைக்கு நீ கண்ல படக் கூடாது. உன் கையப் பாத்தா அதுக்குத் தோலு ஞாபகம் வந்துரும்."

அதனால் பரீட்சையை நான் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். பட்டைக் கிடங்கின் சுவருக்குப் பின்னால் சோளிங்கர் நரசிம்மரை வேண்டிக்கொண்டு நின்றேன். முதலாளியின் செருப்புச் சத்தம் வந்தது. சங்கிலி அவிழ்ந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தோலைத்தான் மோந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது கேட்டது, சளப், சளப் என்று கூழை நக்கும் சத்தம். அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறேன், எதுவும் அதற்கு ஈடில்லை. முதலாளி "சபாஷ் எஸ்தர்" என்றார். நான் ஆவாரம் பட்டைக் குவியலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆவாரன் பிழைத்தான். ஆனால் அக்கா எனக்குப் போட்ட தடை அப்படியே இருந்தது. நான் அவனுக்கு ஒரு பருக்கைகூடத் தரக் கூடாது, கையை நீட்டவே கூடாது. ஏழு வருஷம் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வருவான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். சுற்றி வந்து பார்ப்பான், கொஞ்ச நேரம் நிற்பான், காவலுக்குப் போய்விடுவான். அந்த ஏழு வருஷத்தில் ஒரு தோலிலும் அவன் பல் படவில்லை. எல்லாம் மறந்துவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கிழடாகிப் பட்டைக் கிடங்கிலேயே படுத்துவிட்டான். இரண்டு நாள் கூழைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எஸ்தரக்கா கேட்டுக்கு வந்தாள். "வா ரைட்டரே. இன்னைக்கு நீ குடு" என்றாள். சுட்ட ஈரல் வாசனையோடு சூடாக இருந்த கூழை உள்ளங்கையில் எடுத்து நீட்டினேன். அவன் கூழைத் தொடவில்லை. என் விரல் இடுக்கில் மூக்கை வைத்து, கூழில்லாத இடமாகப் பார்த்து, ஒவ்வோர் இடுக்காக மெல்ல நக்கினான்.

எஸ்தரக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மறக்கவே இல்லை பாத்தியா. இத்தினி வருசமும் வேணாம்னு இருந்திருக்குது."

அந்த ஷாப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் மெஷின் டிரம் சுற்றுகிறது, தோல் நீல நிறத்தில் வெளியே வருகிறது. ஆவாரம் பட்டை வண்டி ஊருக்குள் வந்து பல காலம் ஆகிறது. எஸ்தரக்கா மகளோடு வேலூருக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். வளர்ந்த நாய்க்கு எது ஆகும் என்று கரண்டியைச் சாய்த்துப் பார்க்க இனி யாரும் வேண்டியதில்லை, டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

பேத்தி அதைத் தட்டில் கொட்டி வைத்தாள். நாய் சந்தோஷமாகத் தின்றது. "ஏன் தாத்தா, அது சாப்புடும்போதெல்லாம் கையைப் பின்னாடி கட்டிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன்.