தண்ணீர் ஊற்றாமல் வெட்டிய டைல்ஸ்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகள் பிரிவு கட்டினோம். டைல்ஸ் வேலை என்னுடையது. தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசி பறக்காது. ஆனால் வேலை இழுக்கும். திறப்பு விழா நெருங்கிவிட்டதால் தண்ணீர் இல்லாமலே வெட்டினேன்.

பக்கத்து வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருந்த ஒரு தாய் எழுந்து வந்தார். இடுப்பிலிருந்த பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

“அண்ணே, தூசி தாங்க முடியல. கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

“உங்க பிள்ளைங்களுக்குத்தானே கட்டுறோம் அக்கா? கொஞ்சம் பொறுத்துக்குங்க லா.”

அவர் பிள்ளையோடு வெளியே போய், தூறலில் என் லோரி ஓரம் நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய நம்பரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுபடியும் காத்திருந்தார்.

அந்தத் தரை இன்றும் பளபளக்கிறது. அன்று தண்ணீர் விடும் ரப்பர் குழாய் என் காலடியில்தான் கிடந்தது.